குச்சியால் குத்தினால் ஓடும் பம்ப்

கேள்வி: எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், தரைமட்டத்துக்கு அடியில், ஒரு மூலையில் சம்ப் குழி இருக்கிறது. மழைக்காலத்தில் சுவரிலும் தரையிலும் ஊறும் தண்ணீர் அதில் வந்து சேரும். உள்ளே இருக்கும் சிறிய நீர்மூழ்கி பம்ப் அதை வெளியே தள்ளிவிடும். பொருத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதங்களுக்கு முன் குழியில் சேறு கட்டியிருந்ததால், பம்பைத் தூக்கி வெளியே வைத்துக் குழியைக் கழுவி, மறுபடியும் இறக்கினேன். சென்ற வாரம் இரவு முழுவதும் மழை. காலையில் குழி நிரம்பி வழிந்து, தரையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். பம்ப் ஓடவில்லை. குச்சியால் குத்திப் பார்த்தேன், திடீரென்று ஓடியது. குழி வற்றியதும் நின்றது. மறுநாள் தண்ணீர் ஏறியபோது பழைய கதைதான். பார்க்க வந்தவர், 'காயில் போய்விட்டது, புதிது வாங்கிவிடுங்கள்' என்கிறார். அவர் பம்பை வெளியே எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. வாங்கத்தான் வேண்டுமா? நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

பதில்: இன்றைக்கு வாங்க வேண்டாம். காயில் கருகிய மோட்டார் குச்சிக் குத்துக்கு எழுந்து ஓடாது. நீங்கள் 'திடீரென்று ஓடியது' என்பதைப் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு 'வற்றியதும் நின்றது' என்பதுதான் பெரிது. மோட்டார் சுற்றியிருக்கிறது. உள்ளே சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் தண்ணீரைத் தள்ளியிருக்கிறது. வெளியேறும் குழாய் அடைபடவில்லை. நிற்க வேண்டிய நேரத்தில் நின்றும் இருக்கிறது. இத்தனையும் ஒழுங்காக இருக்க, 'தண்ணீர் ஏறிவிட்டது, ஓடு' என்று சொல்ல வேண்டிய ஆள் மட்டும் சொல்லவில்லை. அந்த ஆள் மிதவை.

இரண்டு மாதங்களுக்கு முன் பம்பைத் தூக்கி இறக்கியதாகச் சொல்கிறீர்கள். இறக்கியபோது அது பழைய இடத்தில், பழைய திசையைப் பார்த்து உட்கார்ந்ததா? பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. குழியில் பம்ப் நின்றால் போதும் என்று மூடியைப் போட்டுவிடுவோம். மிதவைக்கோ சுற்றிலும் இடம் வேண்டும். பம்பின் பக்கவாட்டிலிருந்து ஒரு ஒயரில் தொங்கும் அந்தப் பிளாஸ்டிக் உருளை, தண்ணீர் ஏற ஏற மேலே எழும்பி, ஒரு கட்டத்தில் தலைகீழாகச் சாயும். சாய்ந்ததும் உள்ளே இருக்கும் குண்டு உருண்டு சுவிட்சை அழுத்தும், பம்ப் ஓடும். தண்ணீர் இறங்கும்போது எதிர்ப்பக்கம் சாய்ந்து இணைப்பைத் துண்டிக்கும். பம்ப் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து, மிதவை குழிச் சுவருக்கும் பம்புக்கும் நடுவில் செருகிக்கொண்டால், தண்ணீர் கழுத்து வரை ஏறினாலும் அது சாயாது. நீங்கள் குச்சியால் குத்தியபோது பம்பை எழுப்பவில்லை. சிக்கியிருந்த மிதவையை விடுவித்திருக்கிறீர்கள். வற்றியபோது அது கீழே இறங்கி, மறுநாள் ஏறும்போது அதே இடுக்கில் போய் மாட்டிக்கொண்டது.

இது என் ஊகம். ஆனால் பத்துக்கு எட்டு முறை பலிக்கிற ஊகம் என்று தைரியமாகச் சொல்வேன். அதை நீங்களே சோதித்துவிடலாம்.

அதற்கு முன் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டும். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மின் இணைப்பில் இருந்த பம்பைக் குத்தியிருக்கிறீர்கள். ஓடாத பம்பின் உடலிலிருந்து தண்ணீருக்குள் மின்சாரம் கசிந்துகொண்டிருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் போடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் நான்கு அங்குலமாக இருந்தாலும் அதே எச்சரிக்கைதான். இனி தண்ணீர் தேங்கிய தரையில் காலை வைக்கும் முன், உலர்ந்த இடத்தில் இருக்கும் மெயின் சுவிட்சை அணையுங்கள். மெயின் பலகையே கீழ்த்தளத்தில், தண்ணீரைத் தாண்டிப் போய்த்தான் தொட வேண்டும் என்றால், தொடவே வேண்டாம். மின்வாரியத்துக்குச் சொல்லி வெளியிலிருந்து துண்டிக்கச் செய்யுங்கள்.

சுவிட்சை அணைத்தால் போதாதா, பிளக்கையும் பிடுங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் வலது ஆள்காட்டி விரலைக் காட்டுவேன். தொழில் கற்றுக்கொண்டிருந்த நாளில், சூடாகி நின்றுவிட்ட ஒரு பம்பைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் சல்லடையைக் கழற்றி, இம்பெல்லரில் சுற்றியிருந்த நாடாவை விரலால் இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சுவிட்சை அணைத்துவிட்டு, பம்பின் சுவிட்சை அணைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தகைய மோட்டார்கள் பலவற்றுக்குள் வெப்பக் காப்பான் என்று ஒன்று உண்டு. சூடு அளவு மீறினால் அது இணைப்பைத் துண்டிக்கும்; சூடு தணிந்ததும் யாரையும் கேட்காமல் மறுபடியும் இணைத்துவிடும். அன்றைக்கு அது தணிந்த நேரம் என் விரல் உள்ளே இருந்த நேரம். நகத்தோடு போயிற்று. ஆகவே பிளக்கைப் பிடுங்கி, வேலை முடியும் வரை உங்கள் கண்ணெதிரே, உலர்ந்த இடத்தில் போட்டு வையுங்கள்.

இனி சோதனை. மின்சாரத்தைத் துண்டித்தபின் டார்ச் விளக்கோடு குழிக்குள் எட்டிப் பாருங்கள். மிதவை எங்கே இருக்கிறது? சுவரை உரசுகிறதா, குழாய்க்குப் பின்னால் போய்விட்டதா, தன் ஒயரிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறதா? கையால் மெல்ல மேலும் கீழும் ஏற்றி இறக்குங்கள். முழு வட்டமும் தடையில்லாமல் போய் வர வேண்டும். மேலே சாயும்போது ஒரு 'டிக்', கீழே வரும்போது ஒரு 'டிக்' காதில் விழ வேண்டும். மிதவையைக் காதோரம் குலுக்கினால் உள்ளே குண்டு உருளும் சத்தம் வரும். 'தளக் தளக்' என்று தண்ணீர் ஆடும் சத்தம் வந்தால் அது ஓட்டை விழுந்த மிதவை; எழும்பவும் செய்யாது, மின்கசிவும் தரும். மாற்றிவிட வேண்டியதுதான்.

மிதவையைப் பம்போடு பிடித்திருக்கும் கிளிப்பையும் பாருங்கள். கிளிப்புக்கும் மிதவைக்கும் இடையில் உள்ள ஒயரின் நீளம்தான், பம்ப் எந்த மட்டத்தில் ஓட ஆரம்பிக்கும், எந்த மட்டத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. கழுவும்போது அந்த ஒயரை நீங்கள் தெரியாமல் இழுத்து நீளமாக்கியிருந்தால், மிதவை இன்னும் அகலமாக ஆடும், சுவரில் இடிக்கும். ஒரேயடியாகக் குறைத்துவிட்டாலும் தொல்லை: பம்ப் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி ஓடி நிற்கும், மோட்டார் சீக்கிரம் சாகும். குழி சுமார் 35 செ.மீ. அகலத்துக்குக் குறைவாக இருந்தால், தொங்கும் மிதவையோடு மல்லுக்கட்டாமல், கம்பியில் நேராக ஏறி இறங்கும் மிதவை உள்ளதாக மாற்றிக்கொள்வது நல்லது. அந்த வகைக்கும் ஒரு வியாதி உண்டு. இரும்புச் சத்துள்ள நிலத்தடி நீரில் வளரும் பாக்டீரியா, செம்பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலத்தைக் கம்பியில் பூசிவிடும். மிதவை அதில் ஒட்டிக்கொண்டு வராது. துடைத்தால் சரியாகிவிடும்.

மிதவை சுதந்திரமாக ஆடியும் பம்ப் எழவில்லை என்றால், மிதவையையும் மோட்டாரையும் பிரித்துச் சோதிக்க வேண்டும். பம்பின் பிளக்கைப் பாருங்கள். பல பம்புகளில் ஒன்றன் முதுகில் ஒன்றாக இரண்டு பிளக்குகள் இருக்கும். சுவரில் செருகியிருப்பது மிதவையின் பிளக். அதன் முதுகில் செருகியிருப்பது பம்பின் பிளக். பம்பின் பிளக்கை மட்டும் பிரித்து நேராகச் சுவரில் செருகினால், மிதவையைத் தவிர்த்துவிட்டு மின்சாரம் நேரே மோட்டாருக்குப் போகும். ஓடினால் மோட்டார் நிரபராதி, மிதவைச் சுவிட்ச் குற்றவாளி. அதை மட்டும் வாங்கினால் போதும். ஒரு எச்சரிக்கை: குழியில் தண்ணீர் இல்லாமல் இதைச் செய்வதானால் சில வினாடிகளுக்கு மேல் ஓட விடாதீர்கள். தண்ணீர்தான் மோட்டாருக்கும் அதன் அச்சைச் சுற்றியுள்ள சீலுக்கும் குளிர்ச்சி. காய்ந்து ஓடினால் சீல் கெடும், சீல் கெட்டால் தண்ணீர் உள்ளே போகும்.

உங்கள் பம்பில் ஒரே பிளக்தான், மிதவையின் ஒயர் நேராக மோட்டாருக்குள் போகிறது என்றால், இந்த வழி நடக்காது. பம்பை வெளியே எடுத்து, உலர்ந்த தரையில் ஒரு பெரிய வாளித் தண்ணீரில் வைத்து, மின்கசிவுக் காப்பு (மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிப்பது) உள்ள சாக்கெட்டில் இணைத்து, தண்ணீரைத் தொடாமல், காய்ந்த மரக் குச்சியால் மிதவையை உயர்த்திப் பாருங்கள். ஆம், அதே குச்சிதான். இந்த முறை நீங்கள் நிற்பது உலர்ந்த தரையில். தூக்கும்போது கைப்பிடியில் கயிறு கட்டித் தூக்குங்கள். மின் ஒயரைப் பிடித்துத் தூக்கினால், ஒயர் மோட்டாருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் அடைப்பு தளரும். சென்ற முறை அப்படித்தான் தூக்கினீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மோட்டாரைக் குறை சொல்லும் முன் சாக்கெட்டையும் விசாரிக்க வேண்டும். இதில் இரண்டு ஏமாற்றுகள் உண்டு. டெஸ்டரை வைத்தால் விளக்கு எரியும், பம்ப் ஓடாது. மின்சாரம் கொண்டுவரும் ஃபேஸ் வருகிறது, அது திரும்பிப் போகும் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. டெஸ்டருக்கு ஃபேஸ் மட்டும் போதும், மோட்டாருக்கு இரண்டும் வேண்டும். அடுத்தது, செல்பேசி சார்ஜரைச் செருகிவிட்டு 'கரண்ட் நன்றாக இருக்கிறது' என்று சொல்வது. சார்ஜர் 100 வோல்ட்டிலும் வேலை செய்யும், 240 வோல்ட்டிலும் வேலை செய்யும். மோட்டாருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், அது கிளம்பும் வலு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும்; வலு அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதுதான் கணக்கு. மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை நீளமாக இழுத்து அதில் பம்பை ஓட்டுபவர்கள், 'முனகுகிறது, சுற்றவில்லை' என்று என்னிடம் வருவதற்கு இதுதான் காரணம். ஒரு மல்டிமீட்டரை வைத்து, பம்ப் கிளம்ப முயலும் அந்த நொடியில் மின்னழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

முனகல் என்றதும் நினைவுக்கு வருகிறது: பம்ப் ஓடாமல் கிடந்தபோது சத்தம் ஏதாவது வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. நான் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் மின்சாரம் மோட்டாரை எட்டவில்லை. இதுவரை நான் எழுதியதில் பெரும்பகுதி அந்த வகை. 'ம்ம்ம்' என்று முனகினால் மின்சாரம் எட்டிவிட்டது, மோட்டாரால் சுற்ற முடியவில்லை. அப்படி முனகும் மோட்டார் வழக்கமாக எடுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். 'பார்ப்போம், கிளம்பிவிடும்' என்று காத்திருந்தால், நல்ல காயிலையும் நாமே கருக்கிவிடுவோம். முனகல் கேட்ட மறுநொடி பிளக்கைப் பிடுங்குங்கள்.

பிடுங்கியபின் பம்பைக் கவிழ்த்து, அடிச் சல்லடையைக் கழற்றி, இம்பெல்லரைச் சுற்றிப் பாருங்கள். கல், ஆணி, நூல், சிமென்ட் துண்டு, பிளாஸ்டிக் உறையின் நாடா என்று எல்லாமும் நான் எடுத்திருக்கிறேன். ஒரு முறை முழுதாக ஒரு காலுறை. 'இது செத்துவிட்டது, உதிரிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கொடுத்த பம்ப் அது. காலுறையை உருவியதும் ஓடியது. எதுவும் சிக்காமலே இறுகியிருந்தால், பல மாதங்கள் சும்மா கிடந்ததில் துருவோ உப்போ படிந்திருக்கும், அல்லது சீலின் இரண்டு முகங்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். அச்சின் நுனியில் நட் இருந்தால் ஸ்பேனரால், இறுக்கும் திசையிலேயே மெல்லத் திருப்பி விடுவித்தால் பெரும்பாலும் வழிக்கு வரும். சுத்தியலால் தட்டாதீர்கள்.

கையால் தாராளமாகச் சுற்றுகிறது, இணைத்தால் முனகுகிறது என்றால், மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம். அது வெளியே தனிப் பெட்டியில் இருக்கும் பம்ப் என்றால் அதிர்ஷ்டம். புடைத்திருக்கிறதா, எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்; மேலே அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவை மீட்டரில் அளந்தால் மீதி தெரிந்துவிடும். அதே அளவில்தான் புதிது போட வேண்டும். வோல்ட் அளவு கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. இணைப்பைத் துண்டித்த பிறகும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அதை முறையாக வெளியேற்றத் தெரியாதவர்கள் விரலை வைக்க வேண்டாம். மோட்டாருக்குள்ளேயே பொதிந்த கெபாசிட்டர் என்றால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். நீர் புகாதபடி மூடிய உடலை வீட்டில் திறந்தால், மறுபடியும் அப்படி மூட வீட்டில் வழியில்லை.

மூன்றாவது வகை, இணைத்ததும் சுவிட்ச் பலகையில் ஏதோ ஒன்று விழுந்துவிடுவது. விழுந்தது எது என்று பாருங்கள். எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) விழுந்தால் ஷார்ட்டோ அளவுக்கு மீறிய சுமையோ. மின்கசிவுக் காப்பான் விழுந்தால், பம்பிலோ மிதவையிலோ ஒயரிலோ தண்ணீர் புகுந்து மின்சாரம் வெளியே ஒழுகுகிறது. 30 மில்லிஆம்பியர் ஒழுகினாலே விழும்படி செய்தது அது. ஆகவே இரண்டு பிளக் உள்ள பம்ப் என்றால், பம்பின் பிளக்கைப் பிரித்துவிட்டு, மிதவையின் பிளக்கை மட்டும் செருகி, குச்சியால் மிதவையை உயர்த்திப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு மிதவையில்; விழாவிட்டால் பம்பில். குழித் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தால், மோட்டாருக்குள் இருந்த எண்ணெய் வெளியே வந்து தண்ணீர் உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம். 'அடிக்கடி விழுகிறது' என்று எரிச்சல்பட்டு, அந்தக் காப்பானைத் தவிர்த்து நேர் இணைப்பு கொடுத்துவிடும் புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன். எர்த் முனையை வெட்டிவிடுபவர்களையும். தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

உங்களைப் பார்க்க வந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. காயில் கருகியதா என்று சொல்ல, மின்காப்பு எவ்வளவு உறுதி என்று அளக்கும் மெக்கர் என்ற கருவி வேண்டும். 500 வோல்ட்டில் சோதித்து, காயிலுக்கும் உடலுக்கும் இடையில் ஒரு மெக் ஓமுக்குக் குறைவாகக் காட்டினால், அந்த மோட்டாரைத் தண்ணீருக்குள் அனுப்பக் கூடாது. கருவி இல்லாவிட்டாலும் மூக்கு இருக்கிறது. கருகிய வார்னிஷ் வாசனையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். பம்பை வெளியிலேயே எடுக்காதவருக்கு இந்த இரண்டும் இல்லை. அடுத்த முறை அவரை அழைத்தால், அளவு எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள். எண்ணைச் சொன்னால் நம்புங்கள். மெக்கர் உண்மையிலேயே குறைவாகக் காட்டினாலோ, அச்சு ஆட்டம் கண்டிருந்தாலோ, ஆறு வயதுப் பம்புக்குச் செலவழிப்பதைவிடப் புதிது வாங்குவதே லாபம். அப்போது நானே வாங்கச் சொல்வேன்.

மிதவைதான் காரணம் என்று தெரிந்து சரிசெய்துவிட்டால், மழைக்குக் காத்திருக்காமல் அன்றே ஒரு சோதனை: பம்பை அதன் இடத்தில் இறக்கி, குழாயைப் பொருத்தி, வாளி வாளியாகக் குழிக்குள் தண்ணீர் ஊற்றுங்கள். மிதவை ஏறுவதைக் கண்ணால் பாருங்கள். ஓட ஆரம்பித்து, வற்றவைத்து, நின்று, மறுபடியும் ஊற்றினால் மறுபடியும் ஓட வேண்டும். ஒரு தடவை ஓடியதும் மூடியைப் போட்டுவிடாதீர்கள். உங்கள் பம்ப் முதல் தடவை ஓடி இரண்டாவது தடவை ஏமாற்றிய பம்ப். நான்கைந்து சுற்றாவது பாருங்கள். மோட்டார் ஓடியும் தண்ணீர் வெளியேறாவிட்டால், வெளியேறிய தண்ணீர் குழிக்குத் திரும்பாமல் தடுக்கும் ஒருவழி வால்வுக்குக் கீழே காற்று அடைத்துக்கொண்டிருக்கலாம். அதற்காகவே பம்புக்கும் வால்வுக்கும் இடையில் குழாயில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டிருப்பார்கள். கழுவும்போது சேறு அதை அடைத்திருந்தால் ஊசியால் குத்தி விடுங்கள்.

பிறகு, பம்ப் கிளம்பும் ஒவ்வொரு முறையும் லேசாக உதறும். வளையும் குழாயில் இணைத்த பம்ப், அந்த உதறலில் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிடும். அடியில் ஒரு தட்டையான கல்லை வைத்து நிறுத்தி, குழாயைச் சுவரோடு கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். மிதவை நன்றாக ஆடும் நிலை கிடைத்ததும், பம்பின் கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதற்கு நேராகக் குழியின் விளிம்பில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை கழுவி இறக்கும்போது கைப்பிடி அந்தக் கோட்டுக்கு நேராக வரட்டும்.